சாந்தி பஸ் ஏறிய கிழமை

சென்ற மாதம் யாழ்ப்பாணம் நகரில் ஒரு குறும்படம் திரையிட்டார்கள். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் தமிழ்ப் பெண்ணுக்கும், அங்கே லொறியில் வரும் சிங்கள இளைஞனுக்கும் இடையிலான காதல் கதை. கடைசியில் அவன் வரவில்லை. அவள் பஸ் நிலையத்தில் தனியே நிற்கிறாள். வெளிச்சம் போட்டவுடனேயே விவாதம் தொடங்கிவிட்டது.

"எப்பவும் பொம்பிளை தமிழ், ஆம்பிளை சிங்களம். ஏன் ஒருக்காவும் மறுவளமா வருகுதில்லை?" என்று ஒரு பல்கலைக்கழக மாணவி எழுந்து கேட்டார்.

"நாட்டிலை அதிகாரம் ஆற்றை கையிலை இருக்கெண்டு படம் காட்டுது, தங்கச்சி" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அதிகாரத்தை விடுங்கோ. அந்தப் பெடியனுக்கு ஏன் தாய் தேப்பன் இல்லை? எந்தப் படத்திலையும் சிங்களப் பெடியனுக்கு வீடே இருக்காது. லொறியிலை பிறந்து லொறியிலை வளர்ந்தவனோ?" என்று இன்னொருவர் கேட்டார்.

மண்டபம் சிரித்தது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சேத்து வைச்சால் அரசாங்கத்தின்ரை நல்லிணக்க விளம்பரம் எண்டுறியள். பிரிச்சு வைச்சால் இனவாதம் எண்டுறியள். நான் என்ன செய்ய? இடைவேளை விட்டுப்போட்டு வீட்டை போகட்டோ?"

நான் மொழிமாற்றுத் தொடர்களுக்கு வசனம் எழுதி ஓய்வு பெற்றவன் என்று தெரிந்த ஒருவர் என் அபிப்பிராயத்தையும் கேட்டார். மூன்று நிமிடம் தந்தார்கள். மூன்று நிமிடத்தில் நான் பெயரையும் ஊரையும்தான் சொல்லி முடித்தேன். கூட்டத்தை நடத்தியவர்கள் தங்கள் மலருக்கு எழுதித் தரும்படி கேட்டதால், அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் சண்டிலிப்பாய். புகையிலைத் தோட்டம் செய்த குடும்பம். இளமையில் கொழும்பில் ஓர் அச்சகத்தில் அச்சுப்படி திருத்தும் வேலை கிடைத்தது. சிங்களத்தை எழுத்துக் கோப்பவர்களிடம் கற்றேன்; இலக்கணத்தைப் பிறகு புத்தகங்களில் படித்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் ஊருக்கு வந்து, தனியார் கல்வி நிலையங்களில் சிங்களம் படிப்பித்தேன். போர் முடிந்து மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கினார்கள். (மூன்றாம் ஆண்டு என்பது என் கணக்கு. நான்காம் ஆண்டு என்று என் மனைவி சொல்கிறார். எங்கள் மகளின் சாதாரணதரப் பரீட்சையை வைத்து அவர் கணக்குப் பார்க்கிறார் என்பதால், அவரே சரியாக இருக்கலாம்.) கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்காகச் சிங்களத் தொடர்களைத் தமிழாக்குவது எங்கள் வேலை. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

வேலை நடந்த முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலில் நான் தொடரை ஒலியோடு பார்த்துத் தமிழில் எழுதுவேன். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, நடிகரின் உதட்டை மட்டும் பார்த்தபடி என் வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். உதடு மூடும் இடத்தில் தமிழிலும் ஒரு 'ம'வோ 'ப'வோ விழவேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில் வருவதால் இது நினைப்பதைவிட எளிது. 'வருகிறேன்' என்ற செய்தி இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில்தான் முடியும். முகம் தெரியாத காட்சிகளில் இந்தத் தொல்லை இல்லை. முதுகு தெரிந்தால் எழுதுபவனுக்கு விடுமுறை என்று நாங்கள் சொல்வோம்.

பதிவு அறையின் சுவர்களில் தும்பு மெத்தைகளை அடித்திருந்தோம். குளிரூட்டியின் இரைச்சல் பதிவாகிவிடும் என்பதால், பதிவு நேரத்தில் அதை நிறுத்திவிட்டு வியர்ப்போம். பக்கத்துக் கோவிலில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி ஓயும் வரை காத்திருப்போம். எல்லாவற்றையும் ஒளிபரப்புக்கு ஒரு கிழமை முந்தியே முடித்து அனுப்பவேண்டும். கொழும்பில் ஒருவர் சிங்களத்தையும் தமிழையும் ஒத்துப்பார்ப்பார். பொருள் மாறியிருந்தால் திரும்பி வரும்.

எங்கள் பொறுப்பாளர் சரோஜினி மிஸ். வானொலி நாடகத்தில் நீண்ட காலம் இருந்தவர். அப்போதே அறுபதைத் தாண்டியிருந்தார். பதிவு நடக்கும்போது பதிவு அறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். திரையையும் பார்க்கமாட்டார்; நடிப்பவரையும் பார்க்கமாட்டார். "முகத்தைப் பாத்தால் காது நம்பிப்போடும்" என்பார். பிடிக்காவிட்டால் "திருப்பி" என்பார். அவ்வளவுதான், ஏன் என்று விளக்கமாட்டார். பிடித்தாலும் சொல்வதில்லை. கையில் வைத்திருக்கும் பனங்கட்டித் துண்டைக் கடித்து, தேநீரை ஒரு மிடறு குடிப்பார். உள்ளே நிற்பவர்கள் கண்ணாடி வழியாக, பக்கவாட்டில் தெரியும் அந்தத் தாடை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் இங்கே சொல்லவந்த தொடர் சாந்தி என்ற யாழ்ப்பாணத்து ஆசிரியையும் அசேல என்ற சிங்கள வங்கி அலுவலரும் காதலிக்கும் கதை. சிங்கள மூலத்தில் சாந்தி பிழை பிழையாகச் சிங்களம் பேசுவாள், அசேலவின் வீட்டார் சிரிப்பார்கள். தமிழில் எல்லோரும் தமிழ்தானே பேசவேண்டும்? அப்படியானால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது: அப்படியே திருப்பிப் போட்டு, அசேலவைக் கொச்சைத் தமிழ் பேசவைப்பது. முதல் அங்கத்தை அந்த வழக்கப்படிதான் எழுதிக் கொடுத்தேன்.

அதை ஒலிப்பதிவு செய்தவர் சுனில். சிலாபத்துக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த சிங்களவர். கூடத்தின் கருவிகளைப் பொருத்த வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்டவர். பதிவு முடிந்ததும் காதொலியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்:

"அண்ணை, நான் இப்பிடியா கதைக்கிறன்?"

அவர் அப்படிப் பேசுவதில்லை. சுனிலின் தமிழில் பிழையே இருக்காது. தெரிந்த வசனத்தை மட்டும் பேசுவார். தெரியாத இடம் வந்ததும் நிறுத்திவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். யாராவது எடுத்துக் கொடுத்தால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடர்வார்.

"கேட்டனியெல்லே? திருப்பி எழுது" என்றார் சரோஜினி மிஸ், சுவரைப் பார்த்தபடி. அசேலவுக்குச் சொற்களைக் குறைத்து, நிறுத்தங்களைக் கூட்டி எழுதினேன். தொடர் ஒளிபரப்பானபோது கொழும்பிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அசேலவுக்கு மரியாதை கூடியது.

சாந்திக்குக் குரல் கொடுத்தவர் றெஜினா. குருநகர் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். தகப்பன் அந்தோனிப்பிள்ளை நண்டு வலை போடுபவர். தொடர் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் குருநகரில் அவருக்குச் சாந்தி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மீன் சந்தையில் பெண்கள் கூப்பிட்டு, "சாந்தி, இண்டைக்கு அசேலவின்ரை தாயிட்டைப் பேச்சு வாங்குவியோ?" என்று கேட்பார்களாம். சுனில் நிறுத்தும் இடங்களில் சொல் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் றெஜினாவாக இருந்ததை நாங்கள் எல்லோரும் கவனித்திருந்தோம். யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதிவுக்கு வந்த அங்கத்தில் சாந்தியும் அசேலவும் விடியப்புறம் ஊரை விட்டுப் போகிறார்கள். பஸ்ஸின் பின் இருக்கையிலிருந்து எடுத்த காட்சி. இரண்டு பிடரிகள் மட்டும் தெரியும். "அப்பாட்டைச் சொன்னனீரோ?" என்று அசேல கேட்பான். சாந்தி சொல்வாள்: "இல்லை. சொல்லாமல்தான் வந்தனான்."

றெஜினா பிரதியைப் படித்துவிட்டு மூடினார். என்னை வெளியே கூப்பிட்டார்.

"அண்ணை, இந்த ஒரு வசனத்தை மாத்தேலாதோ?"

"எதை?"

"சொல்லாமல் வந்தனான் எண்டுறதை. சொல்லிப்போட்டு வந்தனான் எண்டு வைப்பம். வாய் தெரியாதுதானே. என்ன சொன்னாலும் பொருந்தும்."

"ஏன் பிள்ளை?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"நானும் சுனிலும் கட்டப்போறம். அப்பாட்டை இன்னும் சொல்லேல்லை. வாற கிழமை சாந்தி என்ரை குரலிலை ஒரு சிங்களப் பெடியனோடை ஓடுவாள். குருநகரே பாத்துக்கொண்டிருக்கும். அதுக்குப் பிறகு நான் போய் அப்பாட்டை என்னெண்டு சொல்லுறது? நாடகத்தைப் பாத்துப் பழகினவள் எண்டு சொல்லுவினம். ஓடப்போறாள் எண்டு சொல்லுவினம். அண்ணை, எனக்கு ஓலை வாசிச்சுக் கட்டோணும்."

கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் பூசையின்போது பங்குச் சுவாமி மணமக்களின் பெயரையும் ஊரையும் பெற்றோரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். சுனிலும் கத்தோலிக்கர்தான். இரண்டு ஊர்க் கோவிலிலும் வாசிக்கலாம். அதற்குத் தகப்பன் சம்மதிக்கவேண்டும். சொல்லாமல் போனவளுக்குச் சொந்தக் கோவிலில் அந்த மூன்று ஞாயிறும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. றெஜினாவின் மூத்த தமையன் போர்க்கால இடம்பெயர்வின்போது எறிகணை விழுந்து இறந்தவர். அவருடைய படத்தை வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலேதான் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு செவ்வாய் மாலையும் அந்த வீட்டில் சாந்தியையும் அசேலவையும் அந்தப் படத்துக்குக் கீழேதான் பார்த்தார்கள்.

நான் பிரதியின் ஓரத்தில் புதிய வசனத்தை எழுதிப் பார்த்தேன். "ஓம். சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்." நீளம் சரி, மூச்சு விழும் இடமும் சரி. சரோஜினி மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார்.

"நல்லாப் பொருந்துது."

"ஓம் மிஸ்."

"பொருந்துறதுதான் வில்லங்கம்." பிரதியை மேசையில் வைத்தார். "இவள் சொல்லிப்போட்டு வந்தவளெண்டால் அடுத்த பத்து அங்கமும் அந்தத் தேப்பன் என்னத்துக்குக் கத்துறார்? விசரோ அந்தாளுக்கு?"

"அதையும் கொஞ்சம் மாத்தி..."

"மாத்தி மாத்திக் கடைசியிலை எங்கை போய் நிப்பாய்? எனக்கும்தான் உந்தக் கதையிலை விருப்பமில்லை. எங்கடை பிள்ளையள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடுறவளவையெண்டு எழுதின ஆளுக்கு நினைப்பு. அது அவையின்ரை நினைப்பு. அதைத் தமிழ்ச் சனமும் பாக்கட்டும், பாத்துட்டுப் பேசட்டும். நாங்கள் பூசி மெழுகிக் குடுத்தால், சிங்களத்திலை பாத்தவைக்கு ஒரு சாந்தி, தமிழிலை பாத்தவைக்கு வேறை சாந்தி. பிறகு ரெண்டு சனமும் எதைப் பற்றிக் கதைக்கிறது?"

இன்றும் அந்த வாதத்தில் நான் அவர் பக்கம்தான். அன்று றெஜினாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை ஏற்பது வேறு விடயம்.

றெஜினா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சுனில் கருவி மேசையிலிருந்து எழுந்தார்.

"மிஸ், நான் போறன். அவட அப்பாவோட நான் கதைக்கிறன்."

"நீ இரு தம்பி. நீ போய் முதல் கதைச்சால் பொம்பிளை கேக்க வந்த பிறத்தி ஆளாய்ப் போடுவாய். முதல் மோள் சொல்லட்டும். நீ பிறகு போ." பிறகு நாற்காலியைத் திருப்பி, அபூர்வமாக, றெஜினாவின் முகத்தை நேரே பார்த்தார். "சாந்தி சொல்லாமல் போறாள். நீ சொல்லு. இது போறதுக்கு ஒரு கிழமை கிடக்கு."

றெஜினா உள்ளே போனார். மிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதல் முறை, "திருப்பி." இரண்டாம் முறை, "திருப்பி." மூன்றாம் முறை றெஜினா அந்த வசனத்தை அழாமலும் இழுக்காமலும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதுபோலச் சொன்னார். மிஸ் பனங்கட்டியைக் கடித்தார்.

அந்தத் தொடர் பிறகு எப்படி முடிந்தது என்று சிலர் கேட்கலாம். சாந்தி திரும்பித் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். அசேல வாசலில் மழையில் நின்றான். சிங்களப் பத்திரிகை ஒன்று முற்போக்கான தொடர் என்று எழுதியது. யாழ்ப்பாணத்தில் ஒரு சஞ்சிகை தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்துவதாக எழுதியது. இரண்டையும் வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. சென்ற மாதம் மண்டபத்தில் கேட்ட வாதங்கள் எல்லாம் அந்த இரண்டு துண்டுகளிலும் இருக்கின்றன. சேர்த்தார்களா, பிரித்தார்களா என்பதைத்தான் அவற்றை எழுதிய இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். அந்த மாணவி கேட்ட கேள்வியும், லொறியில் பிறந்தவனா என்று கேட்டவரின் கேள்வியும் எனக்கு அதைவிடப் பெரிய கேள்விகளாகத் தெரிந்தன. சுனிலின் பெரியப்பா ஒருவர் இன்றும் செபமாலையைத் தமிழில்தான் சொல்வார். அவருடைய ஊரில் இரண்டு தலைமுறைக்கு முன் வீட்டு மொழி தமிழ். இந்த மனிதரை நான் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை. காட்டினால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

றெஜினாவும் சுனிலும் இப்போது நீர்கொழும்பில் இருக்கிறார்கள். கீழே எழுதுவது அவர்கள் சொன்னதும், குருநகரில் றெஜினாவின் பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா கல்யாண வீட்டில் நடித்துக் காட்டியதும்.

றெஜினா வியாழக்கிழமை பின்னேரம் சொன்னார். தகப்பன் முற்றத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆர்?"

"எங்கடை கூடத்திலை சத்தம் பதியிறவர். சுனில்."

"சிங்களவனோ?"

"ஓம் அப்பா."

"எந்த ஊர்?"

சொன்னார்.

"கடற்கரையோ?"

"ஓம். தேப்பனும் கடல் தொழிலுக்குப் போறவர்."

"வேதமோ?"

"எங்கடை வேதம்தான்."

நண்டின் காலை முறிக்காமல் கழற்றி எடுத்துக் கூடையில் போட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், மகளோடு ஒரு வார்த்தை இல்லை. தாய்தான் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இவனை மறந்துபோட்டியோ?" என்று ஒருதரம் கேட்டார். அந்தோனிப்பிள்ளை எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

செவ்வாய் மாலை வழக்கம்போல அயலவர்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். றெஜினா குசினி வாசலில் நின்றார். அந்த நேரத்தில் வெளியே போய்விடும் அந்தோனிப்பிள்ளை அன்று போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் பஸ் வந்தது. இரண்டு பிடரிகள். "இல்லை. சொல்லாமல்தான் வந்தனான்."

பிலோமினாக்கா கையைத் தட்டினார். "ஐயோ அந்தோனியண்ணை, பாருங்கோ! உங்கடை மோள் ஓடுறாளெல்லே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உது சாந்தி" என்றார் அந்தோனிப்பிள்ளை.

"குரல் ஆற்றையாம்?"

"குரல் அவளின்ரை. உவள் தேப்பனிட்டைச் சொல்லாமல் போறாள். என்ரை மோள் என்னட்டைச் சொன்னவள்."

அது வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். விளம்பரம் தொடங்கியிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பிலோமினாக்காவின் முகத்தில் சிரிப்புப் பாதியில் நின்றது.

"என்னத்தைச் சொன்னவள், அண்ணை?"

தாய் எழுந்து நின்றுவிட்டார். அந்தோனிப்பிள்ளை தொலைக்காட்சிக்கு மேலே இருந்த படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஓலை வாசிக்கேக்கை கோயிலுக்கு வந்து கேளுங்கோ. மூண்டு ஞாயிறு வாசிப்பினம்."

குசினி வாசலைப் பார்க்காமலே, ஐந்து நாட்களுக்குப் பிறகு மகளிடம் முதல் வார்த்தை பேசினார்.

"பிள்ளை, அந்தப் பெடியனின்ரை தாய் தேப்பன்ரை பேரை வடிவாக் கேட்டு எழுதி வை. சுவாமி பிழையா வாசிச்சுப்போடுவார்."